சில்லின் மேல் சேரும் நானோ கருவிகள்: நிதிக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

கூட்டு ஆய்வுத் திட்டங்களைத் தேர்ந்து நிதி ஒதுக்கும் குழுவினருக்கு,

வணக்கம்.

வாயுவை உணர்தல், அலைவரிசையைப் பிரித்தல், மின்சாரம் நின்ற பிறகும் தரவைக் காத்தல் போன்ற புதிய வேலைகளை மைக்ரோசிப் எனும் சில்லின் மீதே சேர்க்கும் நானோ கருவிகளுக்காகப் பல்கலைக்கழகங்களும் தொழிற்சாலைகளும் இணைந்து செய்யும் ஆய்வுகளுக்கு நீங்கள் துணை நிற்கிறீர்கள். ஆனால் அந்த நிதியில் பெரும்பகுதி கருவியை உருவாக்குவதற்கே போய்விடுகிறது. அதைச் சில்லோடு சேர்க்கும் வேலை கடைசி ஆண்டுக்குத் தள்ளப்பட்டு, பெரும்பாலும் அங்கேயே நின்றுபோகிறது.

முடிக்கப்பட்ட சில்லின் மேலடுக்குகளில் தாமிர இணைப்புகளும் அவற்றுக்கிடையே மென்மையான காப்புப் படலங்களும் இருப்பதால், அதன்பின் செய்யும் எந்த வேலையும் ஏறத்தாழ 400 டிகிரி செல்சியசைத் தாண்டக் கூடாது. ஆய்வகத்தில் 700 டிகிரியில் பதப்படுத்தி நன்றாக இயங்கிய படலத்துக்கு அங்கே இடமில்லை. தங்கத்தின் கதையும் இதுவே. எளிதில் படியும், ஆக்சைடு பிடிக்காது என்பதால் ஆய்வகங்களில் மின்முனைக்குத் தங்கம் பூசுவது வழக்கம். ஆனால் சிலிக்கானுக்குள் ஊடுருவும் தங்க அணுக்கள் மின்னூட்டங்களைப் பிடித்துவைத்து டிரான்சிஸ்டர்களைக் கெடுக்கும் என்பதால், தங்கம் பட்ட வேஃபரை (பல சில்லுகள் ஒன்றாக உருவாகும் வட்டச் சிலிக்கான் தகட்டை) உற்பத்திக் கூடங்கள் பொதுவாக உள்ளேயே விடுவதில்லை. விரல்நுனி அளவுத் துண்டில் கிடைத்த வெற்றியும் 300 மில்லிமீட்டர் வேஃபருக்கென அமைந்த எந்திரத்தின் முன் செல்லாக்காசாகிறது.

மாறாக, ஹாஃப்னியம் ஆக்சைடைப் பாருங்கள். 2007 முதலே வணிகச் சில்லுகளின் டிரான்சிஸ்டர்களில் இடம்பெற்ற அப்பொருள், சிறிது சிலிக்கான் கலந்த மெல்லிய படலமாக ஃபெர்ரோ மின்தன்மை (மின்புலத்தால் திருப்பிய மின் திசையை, மின்சாரம் நின்ற பிறகும் தக்கவைக்கும் இயல்பு) காட்டுவதாக 2011இல் ஆய்வறிக்கை வெளியானபோது, அதை நினைவகமாக்கும் முயற்சிகள் விரைந்து பெருகின. சிர்கோனியம் கலந்தால், அந்த இயல்புக்குத் தேவையான படிக நிலையை அது 400 டிகிரி அளவிலேயே அடையும். அதற்கு முன் பயன்பட்ட ஈயம் கலந்த ஆக்சைடுகளையோ தனி ஏற்பாடுகளோடுதான் கையாள வேண்டியிருந்தது. உற்பத்திக் கூடத்துக்குப் பழகிய பொருள் என்பதே ஹாஃப்னியத்தின் பெரிய பலம்.

ஆகவே, ஒத்துழைக்கும் உற்பத்திக் கூடம் ஏற்கும் பொருள்கள், வெப்ப வரம்பு, வேஃபர் அளவு ஆகியவற்றைத் திட்ட அழைப்பிலேயே வெளியிடுங்கள். மின்சுற்றுகள் முடிந்த அடிப்படை வேஃபர்களை முதல் ஆண்டிலேயே ஆய்வுக் குழுக்களுக்குக் கொடுங்கள். பல குழுக்களின் வடிவமைப்புகள் ஒரே வேஃபரைப் பகிர்ந்து செலவைக் குறைக்கும் முறை 1980களிலிருந்தே நடைமுறையில் இருப்பதால், இது எட்டாக்கனியும் அல்ல. தொழில் இரகசியம் என்று நிறுவனங்கள் தயங்கும். தயாரிப்பு முறையை மறைத்துக்கொண்டே வரம்புகளை மட்டும் சொல்ல முடியும் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வது உங்கள் பொறுப்பு.

அறிக்கைகளில் சிறந்த ஒரு கருவியின் வரைபடத்தை மட்டும் ஏற்காதீர்கள் (அந்த ஒன்று எப்போதும் அழகாகத்தான் இருக்கும்). வேஃபர் முழுவதிலும் எத்தனை கருவிகள் இயங்கின, எத்தனை பழுதாயின, சேர்த்தபின் கீழுள்ள டிரான்சிஸ்டர்களின் அளவீடு எவ்வளவு மாறியது என்பவற்றைக் கேட்டு, அடுத்த தவணை நிதியை அந்த விடைகளோடு இணைக்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நானோ கருவி ஆய்வாளர் ஒருவர்