காசை ஏப்ரலில் கொடுங்கள்: நுனாவுட் பிள்ளைகளின் சாப்பாடு பற்றி ஒட்டாவாவுக்கு ஒரு திறந்த மடல்

பூர்வகுடிச் சேவைகள் அமைச்சுக்கும் வடபுல விவகார அமைச்சுக்கும்,

வணக்கம். இதை ஆங்கிலத்திலும் அனுப்புகிறோம். எங்கள் சனமும் வாசிக்கட்டும் என்று தமிழில் பகிரங்கமாகப் போடுகிறோம்.

2025 மார்ச் 31உடன், கனடாவின் வடகோடியில் இனுயிட் மக்கள் வாழும் நுனாவுட்டின் பிள்ளைகளுக்கான சாப்பாட்டுக் கூப்பன் காசை நிறுத்தினீர்கள். பிள்ளைக்கு மாதம் 500 டொலர். நாலு வயதுக்குக் கீழே என்றால் பாலுக்கும் பம்பஸுக்கும் மேலதிகமாக 250. விளக்கங்களை வாசித்தோம். நாங்கள் கேட்பது இவ்வளவுதான்: கூப்பனைத் திரும்பத் தொடங்குங்கள், வருடக் காசில் பாதியை ஏப்ரலில் மொத்தமாகக் கொடுங்கள்.

ஏன் ஏப்ரல் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நுனாவுட்டின் 25 ஊர்களில் ஒன்றுக்கும் தெற்கிலிருந்து ரோட்டு இல்லை. கடல் திறந்திருக்கும் கோடையிலும் இலையுதிர் காலத் தொடக்கத்திலும் மட்டும் சரக்குக் கப்பல். மற்றக் காலமெல்லாம் விமானம். கியூபெக்கின் வலிஃபீல்டிலும் சென்ற் கத்தரீனிலும் ஏறுகிற சரக்கை வசந்தத்திலேயே ஓடர் கொடுத்து, சாமானின் முழுக்காசையும் கட்டி, மரப்பெட்டியில் அடைத்து, கப்பலுக்குச் சரக்கு ஏற்கும் கடைசித் தேதிக்குள் துறைமுகத்துக்கு அனுப்ப வேண்டும். மார்ச் 31 உங்கள் கணக்காண்டு முடிகிற நாள். அங்கே அது வருடச் சாமானுக்குப் பட்டியல் எழுதத் தொடங்கும் நேரம். அந்த நேரம் பார்த்துத்தான் காசை நிறுத்தினீர்கள்.

ஒரு பம்பஸ் பெட்டியை எடுத்துப் பாருங்கள். குழந்தைக்கு நாளுக்கு ஆறு என்றால் வருடத்துக்கு 2,190. பழுதாகாது, உறையாது, உடையாது. கப்பலுக்கென்றே செய்த சாமான். ஆனால் பாரமில்லாமல் இடத்தை அடைப்பதால் விமானத்தில் அடைக்கும் இடத்துக்கும் சேர்த்துக் கட்டணம் விழும். கையில் ஏப்ரலில் காசு இருக்கும் வீடு அதை ஒரு மரப்பெட்டியில் இறக்கிவிடுகிறது. கையில் காசு இல்லாத வீடு அதே பொருளை ஜனவரியில் ஒவ்வொரு பக்கற்றாகக் கடையில் வாங்குகிறது. மாவும் அப்படித்தான். கிழமைக்கு ஐந்து கிலோ என்று வைத்தால் வருடத்துக்கு 260 கிலோ. வசதியுள்ளவன் மலிவாகவும் இல்லாதவன் விலையாகவும் சாப்பிடுகிறான். மாதக் கூப்பன் பெரிய உதவிதான். ஆனால் அது சனத்தைக் கடையின் விலைக்குள்ளேயே வைத்திருந்தது. பாதியை ஏப்ரலில் கொடுத்தால், பிள்ளைக்கு 3,000 டொலர், கப்பலில் போகக்கூடியது எல்லாம் கப்பலில் போகும். மற்றப் பாதியை மாதாமாதம் பாலுக்கும் பழத்துக்கும் மரக்கறிக்கும் விடலாம்.

எங்கே வைப்பது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வீடுகள் நெரிசலானவை. மா, அரிசி, சீனி, பால்மா, பம்பஸ் சூடில்லாத கொன்ரெய்னரிலேயே கிடக்கலாம்; ஈரமும் பனித்தூளும் உள்ளே போகாதபடி கதவின் றப்பர் ஓரம் நன்றாக இருந்தால் போதும். ரின் சாமான், சோஸ், போத்தல் ஜூஸ், திரவப் பால் கிடக்கக்கூடாது. உள்ளே இருக்கும் தண்ணீர் உறைந்து விரியும், ரின்னின் மூட்டுத் திறக்கும், இளகும்போது ஒழுகும். அதற்கு ஊருக்கு ஒரு சூடான களஞ்சியம் வேண்டும்.

அந்தச் சூடு ஏற்கெனவே ஊரில் இருக்கிறது. ஒவ்வொரு ஊருக்கும் தனி டீசல் மின்நிலையம். டீசலின் சக்தியில் பாதிகூட மின்சாரமாவதில்லை. மிச்சம் புகைக்குழாயாலும் ரேடியேற்றராலும் வெளியே போகிறது. இயந்திரத்தின் குளிர்விப்புச் சுற்றில் ஒரு வெப்பமாற்றியைப் பூட்டி, கிளைக்கோல் கலந்த நீரைக் காப்புறையிட்ட குழாயில் களஞ்சியத்துக்கு ஓடவிடலாம். இது புதுமை அல்ல. நுனாவுட்டிலேயே சில ஊர்களில் கட்டடங்கள் இப்படிச் சூடாகின்றன. களஞ்சியம் மின்நிலையத்துக்குக் கிட்ட இருக்க வேண்டும். குழாய் நீள நீளச் சூடு வழியிலேயே போய்விடும். இயந்திரம் நின்றால் தாங்க ஒரு சிறு எண்ணெய் பொயிலரும் அதன் பம்புக்குத் தனி ஜெனரேற்றரும் வேண்டும். 2015 ஏப்ரலில் பாங்னிர்துங்கின் மின்நிலையம் எரிந்து ஊரே அவசரநிலைக்குப் போனதை மறந்திருக்கமாட்டீர்கள். வீட்டுத் தாங்கியில் எண்ணெய் நிரம்பியிருந்தாலும் வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸின் பம்பும் தீப்பொறியும் விசிறியும் மின்சாரத்தில்தான் ஓடுகின்றன. கரண்ட் போனால் சூடும் போகும், பிறகு வீட்டுத் தண்ணீர்க் குழாய்களும் போகும்.

டீசலை மட்டும் பாருங்கள், எவ்வளவு ஒழுங்காக வாங்குகிறார்கள். கோடையில் ராங்கர் கப்பல் கரைக்கு அப்பால் நங்கூரமிடும், மிதக்கும் குழாயால் கரைத் தாங்கிகளுக்கு வருடத்துக்கான எண்ணெயை இறைத்துவிட்டுப் போகும். மின்நிலையத்துக்கு யாரும் மாதக் கூப்பன் கொடுப்பதில்லை. இயந்திரத்தின் பசி அரசாங்கத்துக்கு விளங்குகிறது. இலங்கைப் போரில் பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயைப் போத்தலில் அளந்து எரித்த சனம் நாங்கள். எரிபொருளும் சாப்பாடும் இரண்டு கோப்பு அல்ல என்று எங்களுக்குப் படிப்பிக்கத் தேவையில்லை.

வடக்கில் சாப்பாட்டு விலையைக் குறைக்கக் கடைகளுக்கு மானியம் கொடுக்கும் உங்கள் நியூற்றிஷன் நோர்த் திட்டம் இருக்கிறதே என்பீர்கள். 2011இலிருந்து இருக்கிறது. முழு மானியமும் வாடிக்கையாளருக்குப் போகிறதா என்று அமைச்சு உறுதிசெய்யவில்லை என்று 2014இல் கணக்காய்வாளர் நாயகமே எழுதினார். மானியத்தைக் கூட்டியபோது ஒரு டொலரில் 67 சதம்தான் விலைக்குறைப்பாக வந்தது என்று பின்னர் பொருளியலாளர்கள் கணக்கிட்டார்கள். மிச்சம் 33 சதம் யாரிடம் போனதோ, அவர்களின் பசி தீர்ந்திருக்கும் என்று நம்புகிறோம்.

அவ்வளவு வடக்கில் ஏன் இருக்கிறார்கள் என்று தெற்கில் சிலர் கேட்கிறார்கள். நுனாவுட்டின் வடகோடி ஊர்களான ரெசொலூட்டுக்கும் கிறிஸ் ஃபியோர்டுக்கும், வட கியூபெக்கின் இனுக்ஜுவாக் ஊரின் இனுயிட் குடும்பங்களை 1953இல் கப்பலில் கொண்டுபோய் இறக்கியது இதே ஒட்டாவாதான். வேட்டை நிறைய உண்டு, விருப்பமில்லையென்றால் இரண்டு வருடத்தில் திரும்பலாம் என்று சொல்லி இறக்கினார்கள். மன்னிப்புக் கேட்க 2010 ஆனது. அன்றைக்கு ஆட்களை ஏற்றக் கப்பல் கிடைத்தது.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டுவிட்டோம். தயவுசெய்து கூப்பனைத் திரும்பத் தொடங்குங்கள், பாதியை ஏப்ரலில் கொடுங்கள். களஞ்சியத்துக்கு ஓரிரு வருடம் எடுக்கும், பொறுக்கலாம். காசு ஏப்ரல் நடுப்பகுதிக்குள் குடும்பங்களின் கைக்குப் போனால் முதல் கப்பலைப் பிடிக்கலாம். அது முடியாதென்றால் கடைசிக் கப்பலுக்குச் சரக்கு ஏற்கும் கடைசித் தேதியையாவது விசாரித்து, அதற்கு ஆறு கிழமை முன்பு அனுப்புங்கள். தேதிகளைக் கப்பல் கம்பனிகள் ஒவ்வொரு வருடமும் பகிரங்கமாகவே வெளியிடுகின்றன.

இப்படிக்கு,
சரக்குப் பொதியும் டீசல் இயந்திரமும் தெரிந்த கனடாத் தமிழர் சிலர்