கரு வளர்ப்பு ஊடகம் தயாரிப்பவர்களுக்கு: பெயர் போதாது, அளவும் வேண்டும்

கரு வளர்ப்பு ஊடகம் தயாரிக்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். செயற்கைக் கருத்தரிப்பில் கரு உடலுக்கு வெளியே தன் முதல் ஐந்தாறு நாளைக் கழிப்பது உங்கள் ஊடகம் என்ற திரவத்தில்தான். அந்தப் புட்டியோடு வரும் தாளில் பைருவேட், லாக்டேட், குளுக்கோஸ் ஆகிய எரிபொருள்கள், அமினோ அமிலங்கள், அல்புமின் என்ற புரதம் என்று பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. எது எவ்வளவு என்பதுதான் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆய்வகத்தில் கருக்களைக் கவனித்துக்கொள்ளும் எங்களுக்கு முக்கியமாகத் தேவைப்படுவது அதுதான்.

அளவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பது உங்களுக்கே தெரியும். முதல் இரண்டு மூன்று நாள் கரு பைருவேட்டையும் லாக்டேட்டையும் நம்பி வாழ்கிறது. செல்கள் நெருங்கி ஒட்டிக்கொண்ட பிறகுதான் குளுக்கோஸை அதிகமாக எடுக்கிறது. பல எலி இனங்களின் கருக்கள் ஆய்வகத்தில் இரண்டு செல் நிலையிலேயே நின்றுவிடும். 1989இல் வெளியான ஓர் ஊடகத்தில் குளுக்கோஸை விட்டுவிட்டு, குளூட்டமின் என்ற அமினோ அமிலமும் உலோக அயனிகளைப் பிடித்துவைக்கும் ஈடிடிஏவும் சேர்த்து, லாக்டேட்-பைருவேட் விகிதத்தையும் மாற்றியபோது அவை அந்த நிலையைத் தாண்டி வளர்ந்தன. அப்புறம் பார்த்தால், அதே குளூட்டமின் 37 டிகிரி சூட்டில் சிதைந்து அம்மோனியத்தை விடுகிறது. அது கருவுக்கு ஆகாது. உங்களில் பலர் எளிதில் சிதையாத அலனைல்-குளூட்டமினுக்கு மாறியது அதனால்தான். நல்ல மாற்றம், மனதாரப் பாராட்டுகிறேன்.

பாதிப்பு அந்த ஐந்தாறு நாளோடு முடிவதில்லை. சீரம் (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) சேர்த்து வளர்த்த ஆட்டுக் கருக்களில் சில அளவுக்கு மீறிப் பெரிய குட்டிகளாயின. மனிதரில், நெதர்லாந்தில் 836 தம்பதிகளை வைத்து நடத்தி 2016இல் வெளியிட்ட சோதனையில், இரண்டு ஊடகங்களுக்கு இடையே பிறப்பு எடை சராசரியாக 158 கிராம் வேறுபட்டது. எடை குறைந்த பக்கத்தில்தான் பயன்படுத்தத்தக்க கருக்கள் அதிகம் கிடைத்தன! அப்படியென்றால் எதை நல்ல ஊடகம் என்பது? அந்த இரண்டு ஊடகங்களும் பல கூறுகளில் வேறுபட்டவை. எந்தக் கூறு இதைச் செய்தது என்று தேட, முழு அளவுகளும் வெளியில் இருக்க வேண்டும்.

வணிக ரகசியம் என்பீர்கள். புதுக் கண்டுபிடிப்பைக் காக்கக் காப்புரிமை இருக்கிறது. ஒரு குழந்தையின் தொடக்க நாட்களில் அதைச் சூழ்ந்திருந்த திரவத்தை ரகசியமாக வைப்பது சரி என்று என்னால் ஏற்க முடியவில்லை.

ஒவ்வொரு கூறின் அளவையும் வெளியிடுங்கள். செய்முறையில் எதை மாற்றினாலும் முன்கூட்டியே எழுத்தில் தெரிவியுங்கள். அல்புமின் பெரும்பாலும் மனித ரத்தத்திலிருந்து வருவது, பேட்சுக்குப் பேட்ச் மாறக்கூடியது. அதனால் ஒவ்வொரு பேட்சின் பரிசோதனை முடிவையும் புட்டியோடு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு கருவியலாளர்