மனவுறுதி எந்த நடைபாதையில் நடக்கும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எரிபொருள் விலையேற்றம் குறித்துச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆர்வத்தோடு படித்தேன். இரண்டாம் முறை, அதிலிருந்த ஒரு வாக்கியத்தை நான்தான் தவறாகப் படித்துவிட்டேனோ என்ற ஐயத்தோடு படித்தேன். "1973-இல் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தபோது நெதர்லாந்து மக்கள் மனவுறுதியோடு காரை ஒதுக்கிவிட்டுச் சைக்கிளுக்கு மாறினார்கள், நமக்கும் வேண்டியது அந்த மனவுறுதி ஒன்றுதான்" என்று கட்டுரையாளர் முடித்திருக்கிறார். நான் தவறாகப் படிக்கவில்லை. அச்சில் அப்படியேதான் இருக்கிறது.

தாங்கள் அறியாததல்ல. 1973 நவம்பர் 4 அன்று தொடங்கிய கார் ஓடாத ஞாயிற்றுக்கிழமைகள் அந்நாட்டு அரசு விதித்த தடையால் வந்தவை. அடுத்த ஜனவரி முதல் வாரத்தோடு அவை முடிந்தும்போயின. அந்த நாட்டை நிலையாக மாற்றியது வேறு. 1971-ஆம் ஆண்டில் மட்டும் 400-க்கும் மேற்பட்ட குழந்தைகளைச் சாலை விபத்துகளில் பறிகொடுத்த நாடு அது. 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்ற பெயரிலேயே 1970-களின் தொடக்கத்தில் ஓர் இயக்கம் தொடங்கிப் பெற்றோர்கள் தெருவை மறித்தார்கள். சைக்கிள் பாதைகள் பெருகியது அதன் பிறகுதான். க்ரோனிங்கன் நகரில் 1977-இல் நகர மையத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குக் காரில் போக வேண்டுமானால் சுற்றுச்சாலைக்கு வெளியேறி வளைந்துதான் வர வேண்டும், சைக்கிளில் நேராகவே போகலாம் என்று ஆக்கினார்கள். அங்கே மனவுறுதி தேவைப்பட்டது கார் ஓட்டியவருக்குத்தான்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். கட்டுரையாளர் கேட்கும் மனவுறுதியை ஓராண்டுக் காலம் முயன்று பார்த்தவள் என்பதுதான் தகுதி. பெட்ரோல் விலை ஏறத் தொடங்கியதும் வண்டியிலேயே ஒரு குறிப்பேட்டை வைத்து, எப்போது எடுத்தேன், எதற்காக எடுத்தேன், எவ்வளவு தூரம் சென்றேன் என்று எழுதிவந்தேன். அலுவலகப் பயணத்தை விட்டுவிட்டால், முதல் 40 முறையில் 26 முறை மூன்று கிலோமீட்டருக்கும் குறைவான தூரம். இன்ஜின் சூடேறாத அந்த முதல் கிலோமீட்டர்களில்தான் வண்டி அதிகம் எரிபொருள் குடிக்கிறது, புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கி மாற்றியும் சூடேறும்வரை சரிவர வேலை செய்வதில்லை என்பதும் தெரிந்துதான் எடுத்தேன். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

அந்த 26-இல் 11 முறை என் தாயாரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றது. தூரம் 900 மீட்டர். அவருக்கு வயது எழுபத்து நான்கு; ஊன்றுகோலோடு நன்றாகவே நடப்பார். ஒருநாள் இருவரும் நடந்தே புறப்பட்டோம். நடைபாதை எங்கள் வாயிலிலிருந்து நாற்பது அடிக்கு ஒழுங்காக இருந்தது. பிறகு ஒரு மின்பெட்டி வந்தது, அதைச் சுற்றிப் போக இடமில்லை. அதைத் தாண்டினால் இரண்டு சக்கரங்களை மேலே ஏற்றி நிறுத்தப்பட்ட ஒரு கார். அதன் பின்னால் இன்னொன்று. ஒவ்வொரு முறையும் அம்மா ஒன்றரையடி உயரத்திலிருந்து சாலைக்கு இறங்கி, வருகிற வண்டிகளின் எதிரே பத்தடி நடந்து, மறுபடி என் தோளைப் பிடித்து ஏற வேண்டியிருந்தது. ஆறாவது இடத்தில் நின்றுவிட்டு, "நாளைக்கு வண்டியிலேயே போய்விடலாம்" என்றார். இதில் யாருடைய மனவுறுதி போதவில்லை என்று கட்டுரையாளர் எழுதி அனுப்பினால் அம்மாவுக்குப் படித்துக் காட்டுகிறேன்.

அலுவலகப் பயணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடியிருப்பிலிருந்து காலையில் பத்து நிமிட இடைவெளிக்குள் நான்கு கார்கள் ஒரே திசையில் புறப்படும், ஒவ்வொன்றிலும் ஓர் ஆள். நானும் அவர்களில் ஒருத்தி. நால்வரும் ஒரே வண்டியில் போவதென்று முடிவெடுத்து, மூன்றாம் வாரமே முறித்துக்கொண்டோம். எல்லாரும் நினைப்பதுபோல் பெட்ரோல் பணத்தைப் பங்கிடுவதில் சண்டை வரவில்லை, காத்திருப்பதில் வந்தது. "ஐந்தே நிமிடம்" என்ற சொல்லை அந்த மூன்று வாரத்தில் கேட்ட அளவு என் வாழ்நாளில் கேட்டதில்லை. மறுபடி உட்கார்ந்து பேசி, 8.10-க்கு வண்டி கிளம்பும், ஹார்ன் அடிப்பதில்லை, தொலைபேசியில் கூப்பிடுவதில்லை, வராதவர் தம் வழியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று விதி செய்தோம். மாலையில் வேலை நீண்டு ஒருவர் மாட்டிக்கொண்டால் அவர் வாடகை வண்டியில் வரலாம், செலவு நால்வருடையது. பலர் காரை விட்டுவிட அஞ்சுவது திரும்பி வர வழியில்லாமல் போய்விடுமோ என்றுதான். அந்த அச்சத்தை இந்தக் கடைசி விதி போக்கிவிட்டது. ஓராண்டில் அந்தச் செலவு மூன்று முறைதான் வந்தது. நால்வரும் முன்பிருந்த அதே நால்வர்தான். யாருக்கும் புதிதாக மனவுறுதி முளைத்துவிடவில்லை.

2022 மார்ச்சில் பன்னாட்டு எரிசக்தி முகமை எண்ணெய்ப் பயன்பாட்டைக் குறைக்கப் பத்து வழிகளை வெளியிட்டபோதும், நெடுஞ்சாலை வேகத்தை மணிக்கு 10 கிலோமீட்டராவது குறைப்பது, இயன்ற இடங்களில் வாரத்தில் மூன்று நாள் வரை வீட்டிலிருந்து வேலை, பொதுப் போக்குவரத்துக் கட்டணக் குறைப்பு என்று பெரும்பாலும் அரசும் நிறுவனங்களும் செய்ய வேண்டியவற்றையே சொன்னது. வாசகர்களைத் திட்டுவதைவிட இவற்றை அச்சிடுவது எளிது.

ஆனால் தங்கள் இதழுக்கு இதில் ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. மனவுறுதிக் கட்டுரைக்கு எதிர்ப்பக்கத்தில் முழுப்பக்கக் கார் விளம்பரம் இருந்ததை நான் குறையாகச் சொல்லமாட்டேன்; இதழ் நடத்தப் பணம் வேண்டும். இரண்டாண்டுகளுக்கு முன் நிழற்குடையும் கால அட்டவணையும் இல்லாத பேருந்து நிறுத்தம் பற்றி நான் எழுதிய இரண்டு பக்கக் கடிதம், "பேருந்து வசதி மேம்பட வேண்டும் என்கிறார் ஒரு வாசகி" என்று ஒரே வரியாகச் சுருங்கி வந்ததையும் பெரிதுபடுத்தவில்லை. ஆனால் அதே ஆண்டு தாங்கள் நடத்திய வாசகர் சந்திப்பை எந்தப் பேருந்தும் நிற்காத புறவழிச்சாலை மண்டபம் ஒன்றில் வைத்து, அழைப்பிதழில் "விசாலமான வாகன நிறுத்துமிடம் உண்டு" என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தீர்கள். காரில்தான் வந்தேன். வேறு எப்படி வந்திருக்க வேண்டும் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ஆகவே ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த சந்திப்பின் அறிவிப்பில் வாகன நிறுத்துமிடத்தைப் பற்றிய வரிக்கு மேலே, எந்தப் பேருந்தில் வர வேண்டும், எங்கே இறங்க வேண்டும், அங்கிருந்து எத்தனை நிமிடம் நடக்க வேண்டும், கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்ற விவரங்களை அச்சிடுங்கள். பேச்சாளர்களையும் அந்தப் பேருந்துக்கு அரைமணி நேரம் முன்பாக முடித்துக்கொள்ளச் சொன்னால் என் தாயாரையும் அழைத்து வருவேன்.

இப்படிக்கு,
தங்கள் இதழை இருபது ஆண்டுகளாகப் படித்துவரும் வாசகி