18-ஆம் மாதத்தில் குழந்தையின் மருத்துவக் கோப்பினை மூட வேண்டாம்: எச்.ஐ.வி. சிகிச்சை நெறிகளை வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

கர்ப்ப காலத்துக்கான எச்.ஐ.வி. சிகிச்சை நெறிகளை வகுக்கும் வல்லுநர் குழுக்களுக்கும், மருந்துகளுக்கு அனுமதி வழங்கும் ஒழுங்குமுறை அமைப்புகளுக்கும் வணக்கம்.

இந்த மடல் கர்ப்பிணி ஒருவரின் கண்ணில் படலாம் என்பதால், அவருக்குச் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிட்டு உங்களிடம் வருகிறேன். அம்மா, மாத்திரையை ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். சிகிச்சை ஏதுமில்லாத நிலையில், தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு பாலூட்டும் காலத்தையும் சேர்த்து 15 முதல் 45 விழுக்காடு வரை இருக்கும். கருவுறும் முன்பே சிகிச்சை தொடங்கி, வைரஸின் அளவு இரத்தத்தில் கண்டறிய முடியாதபடி குறைந்திருந்தால், பிறக்கும்போது தொற்றும் வாய்ப்பு ஒரு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. தொற்றிய குழந்தையின் மூளைக்கு அந்த வைரஸ் செய்யும் கேடு ஐயமின்றி நிறுவப்பட்டது. மருந்துகளைக் குறித்து இன்று எழும் கேள்விகள் எதுவும் அதற்கு ஈடாகாது. இனி நான் எழுதுவதை இந்த உண்மையோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

குழந்தைகளின் வளர்ச்சியை மதிப்பிடும் பணியில் இருக்கும் மருத்துவராகவே உங்களுக்கு எழுதுகிறேன். தொற்று இல்லாமல் பிறந்த, ஆனால் கருவில் வைரஸின் சூழலிலும் மருந்துகளின் சூழலிலும் வளர்ந்த குழந்தைகள் உலகில் இன்று ஒன்றரைக் கோடிக்கும் மேல் இருக்கிறார்கள். அவர்களுக்கான இறுதிப் பரிசோதனை வழக்கமாக 18-ஆம் மாதத்தில், தாய்ப்பால் நிறுத்தப்பட்ட பிறகு, செய்யப்படுகிறது. தொற்று இல்லை என்று முடிவு வருகிறது, தாய் அழுதுகொண்டே சிரிக்கிறார், கோப்பு மூடப்படுகிறது. ஆனால் 18 மாதம் என்பது ஒரு குழந்தை இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசத் தொடங்கும் பருவம். பேச்சும் கவனமும் நினைவாற்றலும் சரியாக வளர்கின்றனவா என்று பார்க்கத் தொடங்க வேண்டிய வயதில்தான் நாம் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம். இந்த மடலில் என் முறையீடு இந்த ஒன்றைப் பற்றியதே.

ஜிடோவுடின் என்ற எச்.ஐ.வி. மருந்தைப் பற்றி 1994-இல் வெளியான ஆய்வில், மருந்து பெறாத தாய்மாரின் குழந்தைகளிடம் 25.5 விழுக்காடாக இருந்த தொற்று, மருந்து பெற்றவர்களின் குழந்தைகளிடம் 8.3 விழுக்காடாகக் குறைந்திருந்தது. அந்த முடிவு வந்த நாளிலிருந்து காப்பாற்றப்பட்ட குழந்தைகளை எண்ணினால் நன்றியுணர்வே மேலோங்குகிறது. அதே மருந்து வகை, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் நொதியையும் ஓரளவு தடுக்கக்கூடியது. கருவில் இம்மருந்துகளின் சூழலில் வளர்ந்து, தொற்று இல்லாமல் பிறந்த எட்டுக் குழந்தைகளிடம் மைட்டோகாண்ட்ரியக் கோளாறு காணப்பட்டதாகவும், அவர்களில் இருவர் இறந்ததாகவும் 1999-இல் பிரான்சிலிருந்து அறிக்கை வந்தது. இது மிக அரிதாக நேர்வது. எனினும், தொற்றைத் தடுத்துவிட்டோம் என்பதோடு கேள்வி முடிந்துவிடாது என்பதை அந்த எட்டுக் குழந்தைகள் அன்றே உணர்த்தினார்கள்.

எஃபாவிரென்ஸ் என்ற மற்றொரு எச்.ஐ.வி. மருந்தின் கதை இன்னும் கூர்மையானது. குரங்குகளிடம் செய்த ஆய்வில் பிறவிக் குறைபாடுகள் தோன்றியதால், கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் அதைத் தரக்கூடாது என்று பல ஆண்டுகள் அஞ்சினோம். பின்னர் மனிதர்களிடம் திரண்ட தரவுகள் அந்த அச்சத்தைத் தணித்தன. மருந்து பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்தது. அதன்பின், அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்துவரும் ஓர் ஆய்வு வேறொன்றைக் கண்டது. கருவில் எஃபாவிரென்ஸ் சூழலில் இருந்த குழந்தைகளிடம், வயதுக்குரிய அளவைவிடத் தலை சிறுத்திருக்கும் நிலை ஏறத்தாழ இரு மடங்கு கூடுதலாக இருந்தது. தலை சிறுத்திருந்த குழந்தைகள் வளர்ச்சி மதிப்பீடுகளிலும் பின்தங்கினார்கள். இதைக் கண்டறிய விலையுயர்ந்த கருவி தேவைப்படவில்லை. ஓர் அளவு நாடாவும், ஆண்டுதோறும் அதே குழந்தையின் தலையை அளந்து எழுதிவைக்கும் பொறுமையும் போதுமாக இருந்தன. பிறக்கும்போதே தெரியும் குறைபாடுகளையே தேடிக்கொண்டிருந்த நாம், தலையை அளக்கத் தொடங்கியது மிகவும் பிந்தித்தான்.

டோலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து குறித்து நடந்ததை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். போட்ஸ்வானாவில் 2014 முதல் பிரசவங்களைக் கண்காணித்துவந்த செப்பாமோ ஆய்வு, கருவுறும் வேளையில் இம்மருந்தை உட்கொண்டிருந்த 426 பேரின் குழந்தைகளில் நால்வருக்கு, மூளையும் முதுகுத்தண்டும் உருவாகும் நரம்புக்குழலில் குறைபாடு இருப்பதாக 2018 மே மாதத்தில் தெரிவித்தது. உடனே எச்சரிக்கைகள் பறந்தன. கருவுறக்கூடிய வயதில் இருந்த பெண்களுக்குப் பல நாடுகளில் அந்த மருந்து மறுக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூலையில் எச்.ஐ.வி.யோடு வாழும் ஆப்பிரிக்கப் பெண்கள் ருவாண்டாவின் கிகாலியில் கூடி, எங்களுக்கான முடிவை எங்களைக் கேட்காமல் எடுக்காதீர்கள் என்று வலியுறுத்தினார்கள். எண்ணிக்கை பெருகப் பெருக அந்த விகிதம் குறைந்துகொண்டே வந்தது. 2022-இல் 9000-க்கும் மேற்பட்ட கர்ப்பங்களின் கணக்கில் அது 0.11 விழுக்காடாகி, மற்ற மருந்துகளை உட்கொண்டவர்களிடம் காணப்படும் அளவிலேயே நின்றது. சில ஆண்டுகளிலேயே தெளிவு பிறந்ததற்குக் காரணம், எச்சரிக்கை எழும் முன்பே எண்ணுவதற்கு ஓர் ஏற்பாடு இருந்ததுதான். அந்த ஆய்வில் பணிபுரிந்த செவிலியர்களுக்கு உலகம் கடன்பட்டிருக்கிறது. ஆனால் அவர்கள் பார்த்தது பிறந்த குழந்தையின் உடலின் மேற்பரப்பை மட்டுமே. அந்த ஏற்பாட்டின் நோக்கமும் அதுவே. நரம்புக்குழல் கருவுற்ற நான்கு வாரங்களுக்குள் மூடிவிடுகிறது. மூளையோ அதற்குப் பிறகுதான் பெரும்பாலும் உருவாகிறது. நரம்புச் செல்கள் இடம்பெயர்வதும், ஒன்றோடொன்று இணைவதும், அவற்றைச் சுற்றி உறை படர்வதும் கர்ப்ப காலம் முழுவதும் நடந்து, பிறந்த பின்னும் ஆண்டுக்கணக்கில் தொடர்கின்றன.

டோலுடெக்ராவிர் நஞ்சுக்கொடியை எளிதில் கடக்கிறது. தொப்புள்கொடி இரத்தத்தில் தாயின் இரத்தத்தில் உள்ள அளவுக்கு ஈடாகவோ சற்றுக் கூடுதலாகவோ காணப்படுகிறது. பிறந்த குழந்தையின் கல்லீரல் அதைச் சிதைக்கும் திறனை இன்னும் பெறாததால், அதன் உடலில் மருந்து நீண்ட நேரம் தங்குகிறது. திசுக்களின் கட்டமைப்பைச் செதுக்கும் துத்தநாகம் சார்ந்த நொதிகளை இம்மருந்து தடுப்பதையும், கருவிலிருக்கும் சுண்டெலிகளின் மூளையில் அழற்சியின் அறிகுறிகள் தோன்றுவதையும் ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். இதைக் கொண்டு எந்தத் தாயையும் அச்சுறுத்தக்கூடாது. சுண்டெலியின் மூளையும் மனித மூளையும் ஒன்றல்ல. ஆனால் எதைத் தேட வேண்டும் என்பதை ஆய்வகம் காட்டிவிட்ட பிறகும் குழந்தைகளிடம் தேடாமல் இருப்பதற்கு என்னால் நியாயம் காண முடியவில்லை.

குழந்தைகளிடம் இதுவரை கண்டவை பதற்றம் தருபவை அல்ல. பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே வளர்கிறார்கள். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும்போது, தாய்க்கு எச்.ஐ.வி. இல்லாத குழந்தைகளோடு ஒப்பிடுகையில் பேச்சு வெளிப்பாட்டிலும் உடலியக்கத்திலும் சிறு பின்னடைவு தென்படுகிறது. தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்டைன் ஆய்விலும் இரண்டு வயதில் மொழித் தாமதம் கூடுதலாகக் காணப்பட்டது. ஆனால் இதற்கு மருந்துதான் காரணமா? தாயின் உடலில் ஓயாமல் கிளர்ந்திருக்கும் நோயெதிர்ப்பு, குறைப்பிரசவம், இரத்தசோகை, வறுமை, யாரிடமும் சொல்ல முடியாத நோயைச் சுமப்பதால் வரும் மனச்சோர்வு ஆகிய ஒவ்வொன்றும் குழந்தையின் பேச்சைத் தாமதப்படுத்தக்கூடியவை. ஆகவே, தொற்றுள்ள தாயின் குழந்தையைத் தொற்றில்லாத தாயின் குழந்தையோடு மட்டும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் இந்த முடிச்சு அவிழாது. ஒரு மருந்தின் சூழலில் வளர்ந்த குழந்தையை இன்னொரு மருந்தின் சூழலில் வளர்ந்த குழந்தையோடு ஒப்பிட வேண்டும். எந்த வாரத்தில் மருந்து தொடங்கியது, வைரஸ் எப்போது அடங்கியது என்ற விவரங்களும் வேண்டும். இவற்றை எழுதிவைக்காத பதிவேடு எத்தனை பெரியதாக இருந்தாலும் இக்கேள்விக்கு விடை தராது.

வலிப்பு நோய்க்கான வால்புரோயேட்டை நினைத்துப் பாருங்கள். 1960-களின் இறுதியிலிருந்து புழக்கத்தில் இருந்த அந்த மருந்து, கருவிலிருந்த குழந்தையின் அறிவுத்திறனைக் குறைக்கிறது என்று ஆறு வயதுவரை பின்தொடர்ந்த ஆய்வு ஐயமறக் காட்டியது 2013-இல். முதுகுத்தண்டுக் குறைபாடுகள் வெகு முன்னரே தெரியவந்திருந்தன. பிறக்கும்போது குறையேதும் தெரியாத குழந்தைகளின் நிலை வெளிப்படத்தான் அத்தனை ஆண்டுகள் ஆயின. எச்.ஐ.வி. மருந்துகளில் அப்படியொரு தீங்கு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இருந்தால் அதைக் காணும் இடத்தில் நாம் நிற்கவில்லை என்றே சொல்கிறேன்.

எனவே உங்களிடம் கேட்பது இது. கர்ப்ப காலத்துக்கு ஒரு மருந்தை முதன்மையாகப் பரிந்துரைக்கும்போதே, அதன் சூழலில் பிறக்கும் குழந்தைகளில் ஒரு பகுதியினரையாவது பள்ளி செல்லும் வயதுவரை பின்தொடரும் ஏற்பாட்டையும் அந்தப் பரிந்துரையோடு இணையுங்கள். இரண்டு வயதிலும் ஐந்து வயதிலும், குழந்தை வீட்டில் பேசும் மொழியிலேயே மதிப்பீடு நடக்கட்டும். வேற்று மொழியில் அளந்துவிட்டு மொழித் தாமதம் என்று எழுதுவது அறிவியல் ஆகாது. மாதக்கணக்கில் உடலில் தங்கும் ஊசி மருந்துகள் வந்துவிட்ட நிலையில் இது இன்னும் அவசரமாகிறது. கபோடெக்ராவிர் ஊசியைப் போட்டுக்கொண்ட பெண், அதை நிறுத்திப் பல மாதங்கள் கழித்துக் கருவுற்றாலும் அவர் உடலில் மருந்தின் எச்சம் இருக்கக்கூடும். மருந்து ஆய்வில் பங்கேற்கும் பெண் கருவுற்றவுடன் அவரை வெளியே அனுப்பும் வழக்கத்தையும் கைவிடுங்கள். அது அவரையும் குழந்தையையும் காப்பதில்லை. கண்காணிப்பு மிகுந்த ஆய்வுக்குள் கிடைத்திருக்கக்கூடிய விடையை, கண்காணிப்பே இல்லாத பொதுப் பயன்பாட்டுக்குத் தள்ளிப்போடுகிறது.

பின்தொடர்வதிலும் ஓர் ஆபத்து உண்டு. எச்.ஐ.வி. மருத்துவமனையின் பெயரில் ஐந்து ஆண்டுகள் அழைப்பு போய்க்கொண்டிருந்தால், தாய் மறைத்துக் காத்துவந்த செய்தி அக்கம்பக்கத்தாருக்குத் தெரிந்துவிடும். எல்லாக் குழந்தைகளுக்கும் நடக்கும் வளர்ச்சிப் பரிசோதனைக்குள்ளேயே இதையும் வைக்கலாம். மருந்து விவரம் பாதுகாக்கப்பட்ட பதிவேட்டில் மட்டும் இருக்கட்டும். இந்த ஏற்பாட்டை வகுக்கும் மேசையில் எச்.ஐ.வி.யோடு வாழும் தாய்மார்களும் அமர வேண்டும். கிகாலியில் கூடியவர்கள் கேட்டதும் இதைத்தான்.

மூன்று வயதாகியும் பேசாத மகனை மடியில் வைத்துக்கொண்டு, "நான் சாப்பிட்ட மாத்திரையாலதானா டாக்டர்?" என்று தாய்மார்கள் என்னிடம் கேட்கிறார்கள். அந்த மாத்திரைதான் இவனுக்குத் தொற்று வராமல் காத்தது என்பதை உறுதியாகச் சொல்ல முடிகிறது. மற்ற பாதியைச் சொல்வதற்கு, இன்று அவர் உட்கொள்ளும் மருந்தின் பெயரில், அவன் வயதுக் குழந்தைகளின் கணக்கு எனக்கு வேண்டும். அடுத்த வழிகாட்டி நெறியைத் திருத்தும்போது அந்தக் கணக்கைத் தொடங்குவதற்கான நாளையும், அதற்குப் பொறுப்பேற்பவர் யார் என்பதையும் அதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
குழந்தை வளர்ச்சிப் பிரிவில் பணியாற்றும் மருத்துவர்