ஓவியச் சங்கத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் காரைக்குடியில் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டின் பெரிய வேலை முட்டம் பயணம்தான். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

நமக்குப் பக்கத்துக் கடல் தொண்டி. அங்கே அலை அடங்கிக் கிடக்கும், கரையும் தட்டை. பாறையில் அலை மோதி உடைவதை எண்ணெய் வண்ணத்தில் வரையத்தான் குமரி மாவட்டம் வரை போனோம்.

பாறை என்றதும் கறுப்பு ட்யூபைத் தேடுகிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அங்கே கறுப்பை ஒதுக்கிவிட்டு, அல்ட்ராமரின் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பையும் கலந்தே கருமையை எடுத்தோம். நீலம் கூடினால் நிழல் குளிர்கிறது, சியன்னா கூடினால் பாறையில் வெயில் ஏறுகிறது. அலை நனைத்த இடம் காய்ந்த பாறையைவிடக் கருப்பு. ஆனால் வானத்து வெளிச்சத்தை அதுதான் வாங்கிக் காட்டும். நுரையிலும் நிழல் உண்டு. கைபேசிப் படத்தில் இந்த நிழலெல்லாம் ஒரே இருட்டாகிவிடுகிறது. நேரில் நின்று வரையத்தான் வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். பிரெஞ்சு ஓவியர் மோனே 1886-இல் பிரான்ஸின் பெல்-ஈல் தீவில், காற்றிலும் மழையிலும் ஒரே பாறைகளைத் திரும்பத் திரும்ப வரைந்தார்.

முதல் பூச்சு டர்பன்டைன் கலந்து மெல்லிசாக, மேலே போகப் போக ஆளிவிதை எண்ணெய் கூடுதலாக. புதியவர்கள் இதை மறக்கக் கூடாது. எண்ணெய் வண்ணம் ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று மெதுவாக இறுகுகிறது. அடியில் எண்ணெய் அதிகமாக இருந்தால் மேல்பூச்சு முந்திக் காய்ந்து பின்னால் வெடிக்கும்.

கண்காட்சிக்குத் தன் வீட்டு வளவைத் திறந்துவிட்ட ஆச்சிக்குச் சங்கத்தின் மனமார்ந்த நன்றி. முற்றத்து வெளிச்சத்தில் படங்கள் துலங்கின. சில இடங்கள் மங்கித் தெரிவதாகப் பார்வையாளர்கள் கேட்டார்கள். அம்பர் என்ற பழுப்பு வண்ணம் போட்ட இடங்களில் எண்ணெயை அடிப்பூச்சு உள்ளே இழுத்துக்கொள்வதால் வருவது அது. படம் நன்றாகக் காய மாதக்கணக்காகும், அந்த மங்கலைப் போக்கும் வார்னிஷை அதற்கு முன் பூச நாங்கள் சம்மதிக்கவில்லை.

அப்புறம், படம் வாங்கியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பூட்டிய வீட்டு இருட்டறையில் வைத்தால் எண்ணெய் மஞ்சளாகும். நேர் வெயில் படாத, வெளிச்சமுள்ள சுவரில் மாட்டுங்கள்.

அடுத்த பயணத்தை மாமல்லபுரத்துக்கு வைக்கலாம் என்று செயற்குழு கருதுகிறது. வர விரும்புவோர் இன்றே பெயர் கொடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்