விடுதிக் கேட்டைக் காத்தவருக்கும், எங்களைக் காத்த உங்களுக்கும்

சுங்கை சிப்புட் மக்களுக்கும் எங்கள் தோட்டத்து உறவுகளுக்கும் வணக்கம்.

ஆஸ்பத்திரியில் கிடந்த என் கணவர் வீட்டுக்கு வந்துவிட்டார். ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு வாசல் வரைக்கும் நடக்கிறார். அதே வாரத்தில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகள், ஐந்தாம் படிவ அரசாங்கப் பரீட்சையான எஸ்.பி.எம்.மின் கடைசித் தாளையும் எழுதி முடித்துவிட்டாள். நடந்தது என்னவென்று உங்கள் எல்லாருக்கும் தெரியும். பாதிப் பேர் அன்று என் பக்கத்திலேயே இருந்தீர்கள். அதைத் திரும்ப எழுத எனக்கு மனம் வரவில்லை. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பெயர் போட்டு எழுதினால் யாராவது விட்டுப்போவீர்கள் என்று பயமாக இருக்கிறது. அதனால் மொத்தமாகச் சொல்கிறேன். சின்னவனைக் காலையில் எழுப்பி, பசியாற வைத்து, தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பி, சாயந்திரம் வீட்டுப்பாடமும் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா. இரத்தம் கொடுக்க வரிசையில் நின்ற இளைஞர் மன்றத்துப் பிள்ளைகள். உண்டியல் எடுத்த கோயில் கமிட்டி. தொழிலாளர் காப்புறுதியான சொக்சோவின் பாரங்களை வரி வரியாகப் பார்த்து நிரப்பிக் கொடுத்த தோட்டத்துக் கிராணி. எண்ணெய்க் காசு மட்டும் வாங்கிக்கொண்டு ஈப்போவுக்கு வேன் ஓட்டிய தம்பி. கடன் கணக்குப் புத்தகத்தைத் திறக்கவே திறக்காத டவுன் கடைக்காரத் தவுக்கே. என் கணவருடன் செம்பனைக் குலை வெட்டும் வங்காளதேசத்துத் தோழர்கள், ஊருக்கு அனுப்ப வைத்திருந்த பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தவர்கள். உங்கள் ஒவ்வொருவர் வீட்டு வாசலுக்கும் நேரில் வந்து சொல்வேன். அவர் கொஞ்சம் தேறட்டும்.

இப்போது நான் நிதானமாகச் சொல்ல வேண்டியது ஒருவரைப் பற்றி. அவர் நம் ஊர்க்காரர் இல்லை. உங்களில் யாரும் அவரைப் பார்த்திருக்க மாட்டீர்கள். மகள் படிக்கும் முழு விடுதிப் பள்ளியில் கேட்டில் வேலை பார்க்கும் காவலாளி. அறுபதைத் தாண்டிய மனிதர். பிள்ளைகள் 'பாக்சிக்' என்று, மலாயில் மாமா என்று, கூப்பிடுவார்கள். நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

விடுதியில் பிள்ளைகள் கைப்பேசி வைத்திருக்கக் கூடாது. நல்ல விதிதான், அதில் எனக்குக் குறை இல்லை. பொதுத் தொலைபேசி ஒன்று உண்டு. அந்த நேரம் பார்த்து அது பழுதாகிக் கிடந்தது. முதல் நாள் இரவு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு விடுதிக்குப் போன் போட்டேன். எடுத்தவர் பாக்சிக். எனக்குப் பேச்சே வரவில்லை. அப்பா கண் விழித்துவிட்டார் என்று மட்டும் என் மகளிடம் சொல்லுங்கள் என்று மலாயில் சொன்னேன். "செபெந்தார் யா, காக் (கொஞ்சம் இருங்கள், அக்கா), கண்ணாடி போட்டுக்கொள்கிறேன்" என்றார். நான் சொன்னதை எழுதி, எழுதியதை எனக்கே ஒருமுறை வாசித்துக் காட்டினார். மகளின் பெயரை ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டுக்கொண்டார். எந்தப் படிவம், எந்தக் கட்டடம் என்று கேட்டார். வைத்துவிட்டார்.

உதவி அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். மறுநாள் சாயந்திரம், மக்ரிப் தொழுகை முடிந்து பிள்ளைகள் இரவுப் படிப்பு நேரமான பிரெப்புக்குப் போவதற்கு முன்னால், தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. அவர்தான், தன் சொந்தக் கைப்பேசியில். "பிள்ளை பதில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். வாசிக்கட்டுமா?" என்று கேட்டார்.

மகள் என்ன செய்திருக்கிறாள் என்றால், வீட்டில் பேசுகிற தமிழை அப்படியே ரூமியில், அதாவது ஆங்கில எழுத்தில், எழுதிக் கொடுத்திருக்கிறாள். அவள் மனசில் இருப்பது எனக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்று நினைத்திருப்பாள். தமிழ் ஒரு சொல்லும் அறியாத அந்த மனிதர் அதை எழுத்துக் கூட்டி வாசித்தார். "அம்மா. நான் அலல. நீங்கலும் அலாதீங்க. அபாகித்த பிசிக்ஸ் நல்ல செஞ்சென்னு சொல்லுங்க. தம்பிய அதிக்காதீங்க." ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, "பெத்துல்?", சரிதானா, என்று கேட்டார். பெத்துல் பாக்சிக், பெத்துல் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். என்ன எழுதியிருக்கிறாள், என்ன அர்த்தம் என்று அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் அவர் வேலையில் இருந்த ஒவ்வொரு சாயந்திரமும் இது நடந்தது. கடைகளில் கடன் எழுத வைத்திருப்பார்களே, அந்த 555 புத்தகம் ஒன்றை இதற்கென்றே வாங்கி வைத்திருந்தார். இடது பக்கம் நான் சொல்வதை அவர் எழுதுவார். வலது பக்கம் மகள் எழுதுவாள். இன்று கஞ்சி குடித்தார். வலது காலில் உணர்ச்சி வந்துவிட்டது. சின்னவன் கணக்கில் நல்ல புள்ளி வாங்கியிருக்கிறான். வார்டன் டீச்சருக்கு விஷயம் தெரிந்தபோது அவரும் தடுக்கவில்லை.

ஒரு நாள் மட்டும் சேதி நல்லதாக இல்லை. இரண்டாவது அறுவைச் சிகிச்சை தேவைப்படும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைச் சொன்னேன். அந்தப் பக்கம் எழுதும் சத்தம் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "காக், நாளைக் காலையில் பிள்ளைக்குப் பரீட்சை. இதை இப்போது எழுதட்டுமா, நாளை மத்தியானம் எழுதட்டுமா?" என்று கேட்டார். பரீட்சை அட்டவணை எனக்கு நினைவிலேயே இல்லை. அவருக்கு இருந்தது. மத்தியானமே எழுதுங்கள் என்றேன். மறுநாள் அவருக்குக் காலையோடு வேலை முடிந்துவிடும். வீட்டுக்குப் போகாமல் இருந்து, அவள் பரீட்சை மண்டபத்திலிருந்து வெளியே வந்ததும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

மகளைப் பார்க்கப் போன நாளில் முறுக்கும் ஒரு சட்டைத் துணியும் கொண்டு போனேன். முறுக்கை வாங்கிக்கொண்டார், துணியைத் திருப்பித் தந்துவிட்டார். இவ்வளவு செய்திருக்கிறீர்களே என்று சொன்னதற்கு, கேட்டில் வருவதையும் போவதையும் எழுதி வைப்பதுதானே என் வேலை என்றார்.

அந்த நாட்களில் உங்களில் பலர், "பொம்பளைப் பிள்ளை, கூட்டிட்டு வந்துடு, வீட்டில் ஆள் வேண்டாமா" என்று சொன்னீர்கள். என் மேல் உள்ள அக்கறையில் சொன்னது அது. நானும் பலமுறை பையை எடுத்துக்கொண்டு கிளம்ப நினைத்தேன். ஆனால் அவள் அங்கேயே இருக்கட்டும் என்று விட்டதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மற்ற பெற்றோருக்கும் அது பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்திருந்தால் அவள் பதினேழு வயதில் இந்த வீட்டின் குடும்பத்தலைவி ஆகியிருப்பாள். உலை வைப்பது, தம்பியைப் பார்ப்பது, நலம் விசாரிக்க வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி கலக்குவது. யாரும் அவளை வேலை வாங்க மாட்டார்கள்தான். ஆனால் நம் வீடுகளில் பெண் பிள்ளை தானாகவே எழுந்துவிடும், புத்தகத்தை மூடி வைத்துவிட்டு. அங்கே இரவு எட்டு மணிக்கு மணி அடித்தால் எல்லாப் பிள்ளைகளும் உட்கார்ந்து படிக்கத்தான் வேண்டும். ஆசிரியர் ஒருவர் கூடவே இருப்பார். விளக்கு இருக்கும், மேசை இருக்கும், தெரியாததைக் கேட்கப் பக்கத்து நாற்காலியில் ஆள் இருக்கும். விடுதிப் படிப்பு என்றால் பலரும் எத்தனை ஏ என்றுதான் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், தோட்டத்துப் பிள்ளைக்கு அது கொடுக்கும் பெரிய சொத்து அந்த இரண்டு மூன்று மணி நேரம்தான். யாரும் வந்து எழுப்பாத நேரம்.

பஸ் பிரச்சினையும் நமக்குத் தெரிந்ததுதான். இருட்டோடு கிளம்பி டவுன் பள்ளிக்குப் போய், வெயிலில் வந்து சேரும் பிள்ளைக்குப் புத்தகம் எடுக்கும் முன்பே கண் சொருகும். விடுதியில் அந்த நேரம் அப்படியே மிச்சம். சாயந்திரம் விளையாடவும் செய்கிறார்கள்.

படிப்பைத் தாண்டியும் மாற்றம் தெரிகிறது. முன்பெல்லாம் கூட்டத்தில் என் முதுகுக்குப் பின்னால் நின்ற மகள், விடுமுறையில் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது டாக்டரிடம், காலுக்கு எப்போது பயிற்சி தொடங்குவீர்கள், வீட்டிலும் செய்யலாமா, எத்தனை முறை என்று கேட்டு எழுதிக்கொண்டாள். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை எனக்கும் அப்பாவுக்கும் விளக்கினாள். குவாந்தானிலிருந்தும் கிளந்தானிலிருந்தும் வந்த பிள்ளைகளுடன் ஒரே அறையில் இருந்து பழகியதில் வந்த தைரியம் அது. கெமிஸ்ட்ரியில் அவள் பின்தங்கியபோது, பக்கத்துக் கட்டில் பிள்ளைதான் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள். அந்தப் பிள்ளைக்கும், மாட்டிறைச்சி சமைக்கும் நாளில் மறக்காமல் முட்டை பொரித்து வைத்த சமையற்கட்டு மாக்சிக்குக்கும் (அத்தைக்கும்) என் நன்றி.

எல்லாப் பிள்ளைக்கும் விடுதி ஒத்துவரும் என்று சொல்ல மாட்டேன். முதல் சில மாதம் இவளும் அழுதாள். பகடிவதை பற்றிச் செய்தியில் பார்க்கும்போது நமக்கு நெஞ்சு பதறுவது நியாயம்தான். சேர்க்கும் முன் வார்டன் யார், இரவில் யார் பொறுப்பு, பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லலாம் என்று பெற்றோர் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழும் இன்னொரு கவலை. அரசாங்கப் பள்ளியில் தாய்மொழி வகுப்பு நடக்க வேண்டுமானால் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்க வேண்டும் என்று கல்விச் சட்டம் சொல்கிறது. மகள் பள்ளியில் நம் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். எஸ்.பி.எம்.மில் தமிழை விடமாட்டேன் என்று அவள் பிடிவாதமாக நின்றாள். பணி ஓய்வு பெற்ற நம் தமிழாசிரியை குறிப்புகளை நகலெடுத்துத் தபாலில் அனுப்பி, அவள் எழுதி அனுப்பிய கட்டுரைகளைச் சிவப்பு மையில் திருத்திக்கொண்டே இருந்தார். இவருக்கும் தனி மடல் எழுதலாம்.

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் கோலகங்சாரில் 1905-இலேயே மலாய்க் கல்லூரி விடுதியோடு தொடங்கிவிட்டது. நம் தாத்தா பாட்டி காலத்தில், 7 வயதிலிருந்து 14 வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923 தொழிலாளர் சட்டம் சொன்னது. அந்தப் பள்ளிகளில் சில வருடம் படித்துவிட்டுப் பிள்ளைகள் பால் வெட்டப் போனார்கள். இன்று மாரா நிறுவனம் நடத்தும் எம்.ஆர்.எஸ்.எம். விடுதிக் கல்லூரிகளில் பூமிபுத்ரா அல்லாதவர்களுக்கு 10 விழுக்காடு இடம் உண்டு. முழு விடுதிப் பள்ளிகளுக்கும் நம் பிள்ளைகள் விண்ணப்பிக்கலாம். ஆனால் நம்மில் எத்தனை பேருக்கு அது நேரத்தோடு தெரிகிறது? ஆறாம் ஆண்டுப் பரீட்சையான யு.பி.எஸ்.ஆர். இருந்த காலத்தில் முடிவு வந்ததும் தலைமையாசிரியரே கூப்பிட்டுச் சொல்வார். 2021-இல் அதை எடுத்துவிட்டார்கள், அடுத்த வருடம் மூன்றாம் படிவப் பரீட்சையான பி.டி.3-ஐயும் எடுத்துவிட்டார்கள். இப்போது எல்லாம் இணையத்தில். விண்ணப்பம், பிறகு இந்தப் பள்ளிகளில் சேர்வதற்கான பி.கே.எஸ்.கே. மதிப்பீடு. தேதி போன பிறகு தெரிந்து என்ன பயன்?

அதனால் நானும் மகளும் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். ஆறாம் ஆண்டிலும் மூன்றாம் படிவத்திலும் பிள்ளைகள் உள்ள பெற்றோருக்கு விண்ணப்பம் நிரப்ப நாங்கள் கூட உட்காருவோம். கோயில் மண்டபத்தைப் பயன்படுத்திக்கொள்ளக் கமிட்டித் தலைவர் சரி என்று சொல்லிவிட்டார். எங்களுக்காக வந்த பணத்தில் ஆஸ்பத்திரிச் செலவு போக மிச்சம் இருக்கிறது. அதை அப்படியே பிள்ளைகளுக்கு ஒதுக்குகிறோம். இடம் கிடைத்தும் வாளி, இஸ்திரிப் பெட்டி, காலணி, சீருடை, பஸ் காசு என்ற பட்டியலைப் பார்த்துத் தயங்கி நிற்கும் குடும்பத்துக்கு அது போகும். தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற காலத்தில், 1960-இல், நம் ஊர் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நம் பெரியவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டித்தான் அதில் பங்கு வாங்கினார்கள். நானும் மாதம் பத்து வெள்ளி போடுகிறேன். முடிந்தவர்கள் சேர்ந்துகொள்ளுங்கள், முடியாதவர்கள் பிள்ளையை மட்டும் அனுப்பி வையுங்கள்.

விண்ணப்பம் திறந்ததும் தோட்டத்து வாட்சாப் குழுவில் போடுகிறேன். வரும்போது பிள்ளையின் பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, பெற்றோரின் சம்பளச் சீட்டு மூன்றையும் கையோடு கொண்டு வாருங்கள். கைப்பேசியில் டேட்டா இல்லை என்று யாரும் தயங்க வேண்டாம், மகள் பார்த்துக்கொள்வாள்.

நன்றியுடன்,
நாற்றுப் பண்ணையில் வேலை செய்யும் உங்கள் சகோதரி,
சுங்கை சிப்புட், பேராக்