சில்லு அச்சடிக்கிறேன், அப்பா

போர்ட்லண்ட், மெய்ன்
மார்ச் 16, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். உங்கள் நலமும் அம்மா நலமும் அறிய ஆவல். போனில் நான் கத்துவதும், நீங்கள் "என்னது?" என்று ரெண்டு தடவை கேட்டுவிட்டு அம்மா கையில் கொடுத்துவிடுவதும் ஆறு மாதமாக நடக்கிற கதை. நாற்பது வருஷம் டிரெடில் அச்சு மெஷின் சத்தத்துக்குள்ளேயே கிடந்த காது, அதைச் சொல்லி என்ன செய்ய. கடிதமாக எழுதிவிடு என்று அக்காதான் சொன்னாள். எழுத்து பெரிதாக இருக்கிறதா? போதாது என்றால் லென்ஸை எடுத்துக்கொள்ளுங்கள், எப்படியும் கடைசியில் அது தேவைப்படும்.

முதலில் அம்மா சமாச்சாரம். போன வாரம் உங்கள் பேத்தி போனில் "அப்பா காரேஜ்ல சூதாட்டக் காசு அடிக்கிறாங்க ஆச்சி" என்று சொல்லி வைத்திருக்கிறாள். அதிலிருந்து அம்மா திருச்செந்தூருக்கு முடி காணிக்கை வேண்டிக்கொண்டதாகக் கேள்வி. என் முடியா, அவள் முடியா என்று தெரியவில்லை. தருமர் நாட்டைத் தோற்ற கதையெல்லாம் வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் ஆடுவதே மாதத்துக்கு ஒரு தடவை. அச்சடிப்பதுதான் தினமும்.

விஷயம் இதுதான். பக்கத்து வீட்டுப் பெரியவர், லாப்ஸ்டர் பிடிக்கிற படகை வைத்து ஐம்பது வருஷம் பிழைத்தவர், வியாழக்கிழமை ராத்திரி தன் வீட்டு அடுக்களை மேசையில் போக்கர் ஆட ஏழெட்டுப் பேரைக் கூப்பிடுவார். நம்ம மூணு சீட்டுக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு இருபது டாலர், அதற்கு மேல் போகக் கூடாது. ஜெயித்தவர் அடுத்த வாரம் பீட்சா வாங்க வேண்டும். பனி மூடிக் கிடக்கிற ஊரில் ஜனவரி, பிப்ரவரியில் மனுஷர் முகம் பார்க்க இப்படி ஏதாவது வேண்டியிருக்கிறது.

மேசையில் பணத்தை வைக்க மாட்டார்கள். வட்டச் சில்லுகளை வைத்து ஆடிவிட்டுக் கடைசியில் கணக்குத் தீர்ப்பார்கள். சிப் என்பார்கள், எனக்கு அது சில்லு. பாண்டி ஆட ஓட்டுத் துண்டை உடைத்துத் தேய்த்து வைத்திருப்போமே, அதே அளவு, அதே கனம். குறுக்களவு 39 மில்லிமீட்டர். கடையில் கிடைக்கிற பிளாஸ்டிக் சில்லுகள் 'டிங்'கென்று சத்தம் போடும். அந்தப் பெரியவர் வைத்திருந்தது அப்படி இல்லை. கையில் அள்ளி விட்டால் நனைந்த கூழாங்கல் உரசுகிற மாதிரி மந்தமாக ஒரு சத்தம். களிமண் சில்லு என்கிறார்கள். முழுக்கக் களிமண் இல்லை, மண் பொடியையும் பிசினையும் கலந்து சூட்டிலும் அழுத்தத்திலும் அச்சில் வார்த்தது. எதை எவ்வளவு கலக்கிறோம் என்பதை எந்தக் கம்பெனியும் வெளியே சொல்வதில்லை, நம்ம ஊரில் மத்தாப்புக் கலவையைச் சொல்ல மாட்டார்களே அப்படி.

நான் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தது இன்சூரன்ஸ் கம்பெனி வேலைக்காக. வந்த பிறகுதான் தெரிந்தது, இதே போர்ட்லண்டில் பர்ட் கம்பெனி என்று ஒன்று களிமண் சில்லு வார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது. சில்லின் ஓரத்தில் வட்டமாக ஓடுகிற பூவேலை இருக்கும், சதுரமும் வைரமுமாக, குதிரைத் தலையாக, கிரீடமாக. அதைப் பார்த்தே எந்த அச்சு, யார் வார்த்தது என்று சேகரிக்கிறவர்கள் சொல்லிவிடுவார்கள். விளிம்பில் வேறு நிறத்தில் பட்டை தெரிகிறதே, அது பெயின்ட் என்றுதான் நானும் நினைத்தேன். பெயின்ட் இல்லை அப்பா. சில்லின் விளிம்பை வெட்டி, வேறு நிறக் கலவைத் துண்டை அந்த இடத்தில் வைத்து, மறுபடி அழுத்துகிறார்கள். தேய்ந்தாலும் நிறம் போகாது, போலி செய்வதும் கஷ்டம். அதற்கு முன்பெல்லாம் தந்தத்திலும் எலும்பிலும் செய்து ஆடியிருக்கிறார்கள்.

நடுவில் வருகிற எழுத்துதான் நம்ம தொழில்.

சில சில்லுகளில் நடுவில் அச்சடித்த வட்டத்தாளைப் பதித்திருப்பார்கள். பெரியவருடையதில் தங்க நிறத்தில் ரெண்டே எழுத்து, தொட்டால் லேசாகப் பள்ளம். முதல் நாள் கையில் எடுத்ததும் கட்டை விரலால் தடவிப் பார்த்தேன். சூட்டில் அழுத்தித் தங்கத்தாள் பதிக்கிற அதே வேலை. "இது ஃபாயில் ஸ்டாம்பிங்!" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன் போல, எல்லாரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். அது அவருடைய அப்பா காலத்துச் சில்லாம். 1930, 40களில் ஊர் ஊருக்குத் திருட்டுத்தனமாக நடந்த கிளப்புகள் இப்படி ரெண்டு எழுத்து, மூணு எழுத்து மட்டும் போட்டு வாங்கியிருக்கின்றன. போலீஸ் பிடித்தால் யாருடையது என்று சில்லு சொல்லாது. ஆனால் விற்ற கம்பெனிகளின் ஆர்டர் அட்டைகள் சில அழியாமல் கிடைத்து, எந்த எழுத்து எந்த ஊர் எந்தக் கிளப் என்று இப்போது சேகரிக்கிறவர்கள் கண்டுபிடித்துக்கொண்டு இருக்கிறார்கள். திருடன் ஜாக்கிரதையாக இருந்தும் கணக்குப்பிள்ளை எழுதி வைத்த கதை.

அவரிடம் மிச்சம் இருந்தது நூற்றுச் சொச்சம்தான். ஆள் சேரச் சேரப் போதவில்லை. நடுவில் ஒன்றும் இல்லாத வெற்றுச் சில்லு விலைக்குக் கிடைக்கும், யாராவது அடித்துக் கொடுத்தால் தேவலை என்றார். நான் அடிக்கிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். கடையை எடுத்து நடத்து என்று நீங்கள் கேட்டபோது வாயைத் திறக்காதவன்.

மெஷின் பழசு, கையால் இழுக்கிற குவிக்பிரிண்ட், ஃப்ளோரிடாவில் செய்தது. பைபிளிலும் ரிப்பனிலும் பெயர் அடித்துக் கொடுத்த ஒரு கடையை மூடும்போது வாங்கினேன். உங்கள் டிரெடிலில் கால்வாசி கூட இல்லை, மேசை மேல் உட்கார்ந்துவிடும். மேலே சூடாகிற தலை, அதில் எழுத்து புடைத்து நிற்கிற உலோக அச்சு, அதாவது டை, கீழே சில்லை உட்கார வைக்க 39 மில்லிமீட்டர் குழி வெட்டிய பலகை. நடுவில் ஃபாயில் ரோல். ஃபாயிலில் தங்கம் எங்கே இருக்கிறது என்று சின்ன வயதில் கேட்டபோது, "அதுல இருக்கறது அலுமினியம்டா, மஞ்சள் சாயத்தைப் பூசி நம்மள ஏமாத்தறான்" என்று சொன்னீர்கள். இங்கேயும் அதே ஏமாற்றுத்தான்.

முதல் டையில் நடந்த கூத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். எழுத்தைத் திருப்பிப் போட வேண்டும் என்று எனக்குத் தெரியும், உங்கள் மகன் இல்லையா. கம்ப்யூட்டரில் நானே திருப்பி அனுப்பினேன். டை செய்கிறவர்கள் எல்லா ஆர்டரையும் அவர்களே திருப்புவார்களாம். ரெண்டு தடவை திரும்பி நேராக வந்துவிட்டது. அடித்தால் சில்லில் கண்ணாடி எழுத்து. நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் பார்சலைப் பிரித்த உடனேயே சொல்லியிருப்பீர்கள், உங்களுக்குத்தான் நேரெழுத்தை விடத் திருப்பெழுத்து வேகமாக வாசிக்க வருமே.

ரெண்டாவது டை சரியாக வந்தது. மெக்னீசியம், பித்தளை மாதிரி உழைக்காது, ஆனால் மலிவு. ஜனவரிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து அறுபது சில்லு அடித்தேன். அறுபதும் திட்டுத்திட்டாக, சொறி பிடித்த மாதிரி. சூட்டைக் கூட்டினேன். அப்போது ஃபாயில் வழிந்து எழுத்தின் கண் அடைத்துக்கொண்டது, சில்லில் கறுப்பாக ஒரு வளையம். குறைத்தால் மறுபடி சொறி. ஃபாயில்தான் மட்டம் என்று விற்றவன் மேல் பழியைப் போட்டேன். பேப்பருக்கான ஃபாயில் இதில் ஒட்டாது என்பது பாதி உண்மை, அதையும் மாற்றினேன். மாற்றியும் சரியாகவில்லை.

அப்புறம் ஒரு நாள் ராத்திரி பல் விளக்கும்போது ஞாபகம் வந்தது. ஐப்பசி மழை நாளில் டைரி அட்டைகளை எடுத்து, அடிக்கிறதுக்கு முன்னால் கொஞ்ச நேரம் பல்பு வெளிச்சத்துக்குக் கீழே பரப்பி வைப்பீர்களே. நான் அது ஈரம் போகத்தான் என்று நினைத்திருந்தேன். இங்கே காரேஜ் உறைகிற குளிர். சில்லு ஐஸ் மாதிரி இருக்கிறது. டையின் சூட்டை எல்லாம் அது உறிஞ்சிக்கொண்டால் ஃபாயில் எப்படி ஒட்டும்? மறுநாள் சில்லுகளை வீட்டுக்குள் ஹீட்டர் மேல் பழைய பேக்கிங் தட்டில் அடுக்கி வைத்தேன். உங்கள் மருமகள் அதில்தான் கேக் செய்வாள், அந்தச் சண்டை தனி. கை பொறுக்கிற சூட்டில் எடுத்துப் போய், டையை 260 ஃபாரன்ஹீட்டில், உங்கள் கணக்குக்கு 127 டிகிரியில் வைத்து, ஒன்று அடித்தேன்.

எப்படி அடித்தேன் என்று சொல்கிறேன். சில்லைக் குழியில் போட்டு, விளிம்புப் பட்டை ஒன்று மணி பன்னிரண்டில் நிற்கிற மாதிரி திருப்பினேன், இல்லாவிட்டால் எழுத்து சாய்ந்து தெரியும். ஃபாயிலை ஒரு விரற்கடை இழுத்தேன். கைப்பிடியை இறக்கி, உடம்பைச் சாய்த்து, "முருகா". தூக்கினேன். ஃபாயில் சில்லோடு ஒட்டிக்கொண்டு ஒரு நொடி நின்று, 'பிசுக்'கென்று உரிந்தது. உள்ளே ஒரு நங்கூரமும் ரெண்டு எழுத்தும், ஓரமெல்லாம் கத்தியால் வெட்டின மாதிரி.

முருகாவை நான் யோசித்துச் சொல்லவில்லை. அடிக்கிறபோது நீங்கள் சொல்வது பக்தி என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். கைப்பிடியைப் பிடித்த பிறகுதான் அது கணக்கு என்று தெரிகிறது. சொல்லி முடிக்கிற நேரம்தான் ஃபாயில் ஒட்டுகிற நேரம். அவசரத்தில் 'முருவா' என்றால் எழுத்து விடுபடுகிறது. பெரியவர் ஒரு நாள் வந்து பார்த்துக்கொண்டே இருந்தார். யார் அது என்று கேட்டார். மலை மேல் இருக்கிற சாமி, வேல் வைத்திருப்பார் என்றேன். இப்போது அவரும் கைப்பிடியை இழுக்கும்போது "மு-ரூ-கா" என்கிறார். ரூவை இழுப்பதால் கொஞ்சம் கருகுகிறது.

இதுவரை முந்நூறு முடித்துவிட்டேன். வெள்ளை ஒரு டாலர், சிவப்பு ஐந்து, பச்சை இருபத்தைந்து. இந்த ஊரில் பல இடத்தில் அந்த நிற வரிசைதான், கறுப்பு நூறு. எங்கள் இருபது டாலர் ஆட்டத்துக்குப் பச்சை எதற்கு என்று கேட்காதீர்கள், எல்லாச் சில்லையும் நூறில் ஒரு பங்காகக் கணக்கு வைத்து ஆடுகிறார்கள். அடித்து முடித்த பிறகு மினரல் ஆயில் தொட்டுத் துடைத்தால் வெளுத்துப் போன நிறம் திரும்பி வரும். எண்ணெயை முதலில் தடவினால் ஃபாயில் ஒட்டாது, அதை யாரும் சொல்லிக் கொடுக்காமல் எனக்கே தெரிந்திருந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் உங்களோடு சண்டை வரும். நம்ம கடையில் கல்யாணப் பத்திரிகையில் பிள்ளையார் தும்பிக்கை லேசாக உதிர்ந்திருந்தாலும் பார்ட்டி பணம் தர மாட்டார். இங்கே விரல் பட்டுப் பட்டுத் தங்கம் தேய்ந்து, வெறும் பள்ளம் மட்டும் மிஞ்சின சில்லைத்தான் ஆசையாகக் கையில் உருட்டுகிறார்கள். பெரியவருடைய பழைய செட்டில் பாதிச் சில்லில் ஒரு எழுத்து காணாமலே போய்விட்டது. அதன் மேல் புதிதாக அடித்துத் தரவா என்று கேட்டேன். கையை நீட்டிப் பிடுங்கி வைத்துக்கொண்டார்.

கெட்டுப் போன அறுபதும் உங்கள் பேத்திக்கு. வாசல் சிமென்ட்டில் பனி கரைந்த இடத்தில் சாக்பீஸால் கட்டம் போட்டுப் பாண்டி ஆடுகிறாள். வேகமாக எறிந்தால் ஓரம் பெயர்ந்துவிடுகிறது, ஓட்டுச் சில்லு அளவுக்குத் தாங்காது.

தமிழில் ஒன்று அடித்துப் பார்த்தேன், கடையின் பெயரை. அதில் 'ண'வின் சுழி அடைத்துக்கொள்கிறது. சூட்டைக் குறைத்தால் கொம்பு விடுபடுகிறது. டையில் சுழியை இன்னும் ஆழமாக அரிக்கச் சொல்ல வேண்டுமா, இல்லை எழுத்தையே அகலப்படுத்த வேண்டுமா? நீங்கள் சின்ன எழுத்தில் மாப்பிள்ளை வீட்டார் பெயரெல்லாம் எப்படி அடித்தீர்கள்?

இந்தக் கவருக்குள் பஞ்சு சுற்றி ஆறு சில்லு வைத்திருக்கிறேன். எது நன்றாக வந்தது, எது வரவில்லை என்று எழுதப் போவதில்லை. லென்ஸ் வைத்துப் பாருங்கள், நகத்தால் கீறுங்கள், செல்லோடேப் ஒட்டி இழுங்கள், என்ன செய்வீர்களோ செய்யுங்கள். நங்கூரம் உள்ளதில் ஒன்று, மேல் பக்கம் மட்டும் மங்கலாக வருகிறது. அந்தப் பக்கம் அழுத்தம் கூட, பட்டம் ஒட்டுகிற தாளைக் கிழித்து டைக்குப் பின்னால் எந்த இடத்தில் ஒட்டணும் என்று பென்சிலால் அந்தச் சில்லிலேயே குறித்து, அக்கா மகனிடம் கொடுத்துப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதுவரை அந்த டையை நான் தொடவில்லை.

அன்பு மகன்